தனியார் காப்புறுதி நியாயமா?



சொந்தக் காலில் நிற்பது நல்லதுதான். 1984-ல் வந்த மெடிசேவ் சேமிப்பும் அதைத்தான் சொன்னது. ஆனால் நோயோடு பிறக்கும் குழந்தை எந்தக் காலில் நிற்கும்? ஏற்கெனவே நோய் இருந்தால் தனியார் காப்புறுதி நிறுவனம் மறுக்கலாம். அது வணிகக் கணக்கு.

நம் சைனாடவுனைப் பாருங்கள். 1867-ல் அங்கே தோங் சாய் மருத்துவ நிலையத்தைத் தொடங்கியவர்களும் வணிகர்கள்தாம். இனம் பாராமல் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் தந்தார்கள்.

2015-ல் வந்த மெடிஷீல்டு லைஃப் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. கடும் நோயுள்ளவருக்கு 10 ஆண்டுகள் 30 விழுக்காடு கூடுதல் சந்தா. மீதிச் சுமையில் பெரும்பங்கு அரசுக்கு.

சேமிப்பது அவரவர் கடமை. விடுபட்டவரைச் சேர்த்துக்கொள்வது எல்லாருடைய கடமை.