கதவைத் தட்டாத கணக்கெடுப்பு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



போன மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார்: "டீச்சர், நம்ம பேரு ரேஷன் கார்டுல இருக்கு, ஆதார்ல இருக்கு, ஓட்டர் லிஸ்ட்ல இருக்கு. அப்புறம் எதுக்கு வீடு வீடா வந்து எண்ணணும்? எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா தெரிஞ்சிடாதா?"

நல்ல கேள்வி. அப்படியே செய்கிற நாடுகளும் இருக்கின்றன. டென்மார்க்கில் 1968-ல் ஆளுக்கு ஓர் எண் கொடுத்து ஒரே பதிவேட்டில் ஏற்றினார்கள். 1981-ல் ஒரு வீட்டுக் கதவையும் தட்டாமல், பதிவேடுகளை மட்டும் வைத்து முழுக் கணக்கெடுப்பையும் முடித்தார்கள். உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. பின்லாந்து 1990-ல் அந்த வழிக்கு வந்தது. ஆட்களுக்கு ஒரு பதிவேடு, வீடுகளுக்கு ஒன்று, வரிக்கு, ஓய்வூதியத்துக்கு என்று தனித்தனி. எண்ணை வைத்து இவற்றைக் கோர்த்தால் யார், எந்த வீட்டில், என்ன வேலையில் என்பது வந்துவிடும். செலவும் குறைவு.

ஆனா அங்கே வீடு மாறினால் ஒரு வாரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். நம்ம பக்கம்? கல்யாணமாகி நாலு வருஷமாகியும் அம்மா வீட்டு ரேஷன் கார்டிலேயே பேர் இருக்கிறவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறீர்கள். கை தூக்க வேண்டாம்! நம்ம குழுவிலும் அப்படித்தான். விலகினவர் பேரை நீக்கத் தீர்மானம் எழுத மறந்தால், புத்தகத்தில் 15 பேர், பாயில் உட்கார்ந்திருப்பது 12 பேர்.

ஜெர்மனிக்காரர்கள் ஏடு ஒழுங்காக வைப்பவர்கள் என்று பேர். 2011-ல் அவர்கள் பதிவேட்டை வைத்துக் கணக்கெடுத்தார்கள். கூடவே பத்தில் ஒருவர் அளவுக்கு நேரிலும் விசாரித்தார்கள். அதுவரை நினைத்திருந்ததைவிடச் சுமார் 15 லட்சம் பேர் குறைவு! நாட்டை விட்டுப் போன பலர் பேரை எடுக்காமலே போயிருந்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி.

எனக்குப் பெரிய கவலை வேறு. நம்ம ஊரில் 2011-ல் நான் எண்ணப் போனேன். ஓர் அக்கா, தலையில் தழைக்கட்டு, பின்னால் ஆறு ஆடு. "என்ன வேலை பாக்கறீங்க?"ன்னு கேட்டேன். "வேலையா? சும்மாதான் இருக்கேன்." பெண்களிடம் துருவிக் கேளுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆட்டை யார் மேய்க்கிறது, யார் விக்கிறது, நடவுக்குப் போறதில்லையா என்று கேட்கக் கேட்கத்தான், அவர் வருஷம் முழுக்க உழைக்கிறவர் என்று தெரிந்தது. வேலை செய்பவர் என்று எழுதினேன்.

பின்லாந்தில் சம்பளம் வாங்குகிறவர் பேர் ஓய்வூதிய ஏட்டில் ஏறிவிடும். இந்த அக்காவுக்குச் சம்பள ரசீது உண்டா, பி.எஃப். உண்டா? 100 நாள் வேலை அட்டை இருந்தால் அந்த நாட்கள் மட்டும் தெரியும். பதிவேட்டை மட்டும் கூட்டியிருந்தால், காகிதத்தில் அவர் சும்மாவேதான் இருந்திருப்பார். ஏடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏட்டில் நாம் ஏறாதவரை, ஒருத்தர் வாசலுக்கு வந்து கேட்கத்தான் வேண்டும்.

நமக்கு 2021-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் நின்றுபோனது. அடுத்த கணக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதியை வைத்து. இந்த முறை செல்போனில் பதிவார்கள், ஆனால் வீட்டுக்கு வருவார்கள். வேலை பார்க்கிறீர்களா, வருஷத்தில் எத்தனை மாசம் என்று கேட்டால், ஆடு, மாடு, நடவு, களையெடுப்பு, தையல் எல்லாத்தையும் யோசிச்சுச் சொல்லுங்க. மாமியார் முந்திக்கிட்டு "அவ வீட்லதாங்க இருக்கா"ன்னு சொன்னா, நீங்களே குறுக்கே பேசுங்க.

ரேஷன் கார்டில் பேர் மாற்ற வேண்டியவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் கணக்காளரிடம் உட்காருங்கள். சாம்பார் கொதிச்சிடுச்சுன்னு சைகை காட்டுறாங்க, முடிச்சுக்கறேன்.