இழுத்தலும் நிறுத்தலும்

குர்லாவில் இயங்கிய பிரீமியர் ஆலையில் உருவான பத்மினி காரொன்றைப் பந்தயத்திற்கெனச் செப்பனிட்டு, சென்னைக்கருகே 1990-இல் திறக்கப்பெற்ற இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திற்கு டிரெய்லரில் கொண்டு செல்வதாகக் கொள்வோம்.

காரின் எடை ஏறக்குறைய 900 கிலோ. டிரெய்லர் 400 கிலோவாயின், மொத்தச் சுமை 1,300 கிலோ. டிரெய்லர் இலேசாயிருப்பது நன்றே; ஆனால் எடையைக் குறைக்க எண்ணி அதன் பிரேக்கை விட்டுவிடுதல் தகாது. இழுக்கும் வண்டியோ அச்சுமையினும் கனத்ததாயிருத்தல் நலம். சுமையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு கொக்கியின்மீது அமருமாறு காரை நிறுத்துவோம். பின்பாரம் மிகுந்தால் டிரெய்லர் இருபுறமும் அலையும்.

போகையில் கண்டாலா ஏற்றம் எஞ்சினைச் சோதிக்கும். திரும்புகையில் அதே சரிவு பிரேக்கைச் சோதிக்கும். ஆகவே, வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதற்கு முன், எவ்வளவை நிறுத்தும் என்று கேட்போமாக. வீட்டில் காத்திருப்போர்க்கு வெற்றிக் கோப்பையினும் நமது வரவே பெரிதன்றோ!