தொட்டிலிலிருந்து தொடங்குவோம்

(வெள்ளி விழாப் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நம் கல்விக் கழகம் கால் நூற்றாண்டை நிறைவு செய்திருக்கிறது. ஒரு கூரைக் கொட்டகையில், ஒற்றை விளக்கின் கீழ், கைக்கு ஒரு சிலேட்டாகத் தொடங்கிய மாலைப் படிப்பகம் இன்று சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது. அங்கே படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் இக்கூட்டத்தில் அமர்ந்திருப்பதைக் காணும்போது நம் நெஞ்சம் நிறைகிறது. விழா நாளில் பெருமை பேசுவது முறைதான். ஆயினும், குடும்பத்தில் ஒரு நல்ல காரியம் முடிந்ததும் பெரியவர்கள் வரவு செலவைப் பார்ப்பதுபோல, நாமும் நம் கணக்கைப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அதை இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

படிப்பகம் தொடங்கிய முதல் ஆண்டுகளில் ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். வயது பத்து இருக்கும். இடுப்பில் எப்போதும் கைக்குழந்தையாகிய தம்பி. குழந்தை அழுதால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று உள்ளே வந்து அமரமாட்டாள். வாயிற்படியில் நின்றபடியே கரும்பலகையைப் பார்த்து, சுவரில் விரலால் எழுதிப் பழகுவாள். நடவு தொடங்கியது. தாய் விடியுமுன் வயலுக்குப் போனாள். சிறுமி பகற்பள்ளிக்கும் போகவில்லை, படிப்பகத்துக்கும் வரவில்லை. நடவு முடிந்து களையெடுப்பு வந்தது. அதன் பின் அறுவடை வந்தது. அவள் மட்டும் வரவே இல்லை. நம் பதிவேட்டில் ‘இடைநின்ற காரணம்’ என்னும் கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே நாம் எழுதியது இது: ‘படிப்பில் ஆர்வமின்மை.’

தோழர்களே, அது நம் கையே எழுதிய பொய். அவளுக்கு ஆர்வம் இருந்தது. தம்பியை இறக்கி வைக்க ஓர் இடம்தான் இல்லை. அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதவே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

கல்வி என்றால் முதல் வகுப்பிலிருந்து தொடங்குவது என்று நாம் எண்ணிவிட்டோம். உண்மை அதுவன்று. குழந்தையின் மூளை மூன்று வயதுக்குள் முழு வளர்ச்சியின் பெரும்பகுதியை எட்டிவிடுகிறது. கருவில் இருக்கும் ஏறத்தாழ 270 நாள்களும், பிறந்தபின் முதல் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்த 1000 நாள்களே உடலுக்கும் அறிவுக்கும் அடித்தளம் என்று மருத்துவம் கூறுகிறது. அந்நாள்களில் உணவு குறைந்தால், வயிற்றுப்போக்கு மீண்டும் மீண்டும் வந்தால், பேசவும் கொஞ்சவும் ஆளின்றிக் குழந்தை கிடந்தால், பின்னாளில் எத்தனை உதவித்தொகை கொடுத்தாலும் இழந்ததை முழுமையாக ஈடுசெய்வது அரிது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 25 பேர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர்கள். இந்தியா முழுவதும் அத்தொகை 35க்கும் அதிகம். தாழ்த்தப்பட்ட மக்களிடையே அது இன்னும் கூடுதல். பத்தாம் வகுப்பில் தோல்வியுற்ற மாணவனை நாம் கடிந்துகொள்கிறோம். அவனுடைய தோல்வியின் ஒரு பகுதி அவன் தவழும் வயதிலேயே எழுதப்பட்டிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

இதற்குத் தாய்மார்களைக் குறை சொல்பவர் உண்டு. ‘இவர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது’ என்று ஊரார் சொன்னதை, நம்மில் படித்தவர் சிலரும் கற்றுக்கொண்டு சொல்கிறார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. பிறந்த நாற்பதாம் நாள் நாற்று நடப் போகும் பெண் அதை எப்படி நிறைவேற்றுவாள்? வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிவிட்டு, அழுகுரல் கேட்டால் சேற்றுக்காலோடு ஓடிவருகிறாள். ஓடிவந்த நேரத்துக்குக் கூலியில் பிடித்தம். முன்பணம் வாங்கிச் செங்கற்சூளைக்குப் போன குடும்பத்தில் குழந்தை சூளைப் புகையில் வளர்கிறது. அங்கன்வாடியில் அதன் பெயர் இருக்கும், அது இருக்காது. அறியாமை சிறிது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறியாமையைவிடப் பெரிய பகை ஓய்வின்மையும் வறுமையுமே.

இதனை எவரினும் முன்னே உணர்ந்தவர் நம் தலைவர் டாக்டர் அம்பேத்கர். அவருக்கும் ரமாபாய் அம்மையாருக்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறுவயதிலேயே மறைந்தனர். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். கடைசிக் குழந்தையான ராஜரத்தினத்தை 1926இல் அவர் பறிகொடுத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1928இல், பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளருக்கான பேறுகால நல மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்று வாதிட்டார். 1929இல் அது சட்டமாயிற்று. 1961இல் இந்தியா முழுமைக்குமான பேறுகால நலச் சட்டம் வந்தது. 2017இல் விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. ஆனால் அந்த 26 வாரம் ஆலையின் வாயிலோடும் அலுவலகத்தின் வாயிலோடும் நின்றுவிட்டது. நம் தாய்மார்கள் குனிந்து நிற்கும் வயலுக்கு அது வந்து சேரவில்லை.

உணவின் கதையும் அறியத் தக்கது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலமெங்கும் பரவியது. 1975இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிக்குப் போகாத இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் அமர்த்தியது. பசித்த வயிற்றுக்கு எழுத்து ஏறாது என்பதை இந்த மாநிலம் நெடுங்காலமாக அறியும்.

ஆனால் பந்தி போட்ட இடத்தில் சாதியும் வந்து உட்கார்ந்தது. மையம் ஊருக்குள் இருந்தால் நம் குழந்தை நெடுஞ்சாலையைக் கடந்து போக வேண்டும். மையம் நம் தெருவில் இருந்தால் ஊர்ப் பிள்ளைகளை அனுப்ப மறுப்பவர் உண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியதை நாடே அறியும். குழந்தைக்குச் சோறு ஊட்டும் கையில் சாதி பார்க்கும் சமுதாயம் தன் குழந்தைக்கே நஞ்சூட்டுகிறது.

இதற்கு மருந்து சட்டத்தில் இருக்கிறது. 2001இல் தொடுக்கப்பட்ட உணவு உரிமை வழக்கில், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வாழும் குடியிருப்புகளுக்கு முதலிடம் தந்து அங்கன்வாடிகளைத் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. 2006 டிசம்பர் 13ஆம் நாள் மற்றோர் ஆணை பிறந்தது: ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு மக்கள் கேட்டால், கேட்ட மூன்று மாதங்களுக்குள் மையம் தர வேண்டும். கேட்டால் தர வேண்டும் என்பது ஆணை. நாம் கேட்டோமா? 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், பணியிடத்துக்கு ஐந்து சிறு குழந்தைகள் வந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. அத்தனை ஆண்டுகளில் நம் வட்டாரத்தில் அப்படி ஒரு பெண் அமர்த்தப்பட்டதை நாம் கண்டதில்லை. அமர்த்தச் சொல்லி நாம் ஒரு மனுவும் எழுதியதில்லை. மேற்படிப்பு உதவித்தொகைக்கு நூறு மனு எழுதிய நம் கை, கைக்குழந்தைக்காக ஒன்றும் எழுதவில்லை.

ஆகவே, இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், கருவுற்ற பெண்களையும், கணவனை இழந்து தனித்து நிற்கும் தாய்மார்களையும் நம் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று எழுத வேண்டும். நாற்பது குழந்தைகள் இருந்து மையம் இல்லையென்றால், அப்பட்டியலோடு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்போம்.

இரண்டாவது, நம் கட்டடம். மாலையில் திறக்கும் படிப்பகம் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. அந்தச் சிறுமி தேடிய இடம் அதுதான். நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும், விடியற்காலை முதல் தாய் வயலிலிருந்து திரும்பும் வரை, அதைக் குழந்தைகள் காப்பகமாகத் திறந்து வைப்போம். நம் பெண்கள் இருவரை அமர்த்துவோம். அவர்களுக்கு நடவுக் கூலிக்குக் குறையாத கூலி தருவோம். பிள்ளை பார்ப்பது கூலியில்லாத வேலை என்னும் எண்ணம் நம் கழகத்திலாவது ஒழியட்டும்.

மூன்றாவது, படித்தவர் கடன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைத் தாய்க்கு 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு. கருவுற்ற தொடக்கத்திலேயே கிராமச் செவிலியரிடம் பதிவு செய்து, பிக்மி எண் பெற்று, வங்கிக் கணக்கும் இருந்தால்தான் அது தடையின்றி வந்து சேரும். இந்தப் படிவங்களில் உடன் நிற்பது பட்டம் பெற்ற ஒவ்வொருவரின் கடமை. சூளைக்குப் புறப்படும் குடும்பம் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோகிறதா என்று பார்ப்பதும் அக்கடமையில் அடங்கும்.

நான்காவது, வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டிய செய்திகள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டுங்கள். அதைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் கொடுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு குழந்தைக்கும் கருவுற்றவளுக்கும் உரியது. வீட்டில் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளாதீர்கள். மாதந்தோறும் எடை பாருங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கலந்து கொடுங்கள், துத்தநாக மாத்திரையைச் செவிலியர் சொன்னபடி 14 நாள்களும் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

ஐந்தாவது ஆண்களுக்கு. இளைஞர்களே, கொடி பிடிக்கும் கை குழந்தையைத் தூக்கினால் தாழ்ந்துவிடாது. கூலியை மதுக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புபவன் திருடுவது தன் குழந்தையின் பாலையும் முட்டையையுமே. மேடையில் சமத்துவம் பேசுகிறோம். வீட்டில் கருவுற்ற மனைவி எல்லாருக்கும் பரிமாறி முடித்து, மிஞ்சியதை உண்கிறாள். அவள் முதலில் உண்ணும் வீட்டிலிருந்துதான் நம் சமத்துவம் தொடங்க வேண்டும்.

பெரியோர்களே, நம் முன்னோர் பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டித் திறந்தார்கள். சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்ட சுவாமி சகஜானந்தரும், சேரிகளில் இரவுப் பள்ளிகளை நடத்தியவர்களும், ‘உள்ளே வா’ என்று நம்மை அழைத்தார்கள். அவர்கள் திறந்த கதவின் வாயிற்படியில், இடுப்பில் குழந்தையோடு இன்னும் ஒரு சிறுமி நிற்கிறாள். அவளிடமிருந்து அந்தக் குழந்தையை நாம் வாங்கிக்கொள்வோம். வாங்கிக்கொண்டு, ‘நீ உள்ளே போய் உட்கார், அம்மா’ என்று சொல்வோம். பொன்விழாக் காணும் நாளில், நம் பதிவேட்டின் அந்தக் கட்டம் எழுத ஒன்றுமின்றி வெறுமையாக இருக்கட்டும்.