உணவுக்குப் பெயரா, எண்ணா?

(தனித்தமிழ் அன்பர்களின் திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழி காக்கக் கூடிய அவையில் உடலெடையைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். மொழியைப் பேசுகின்ற நாவும் உணவைச் சுவைக்கின்ற நாவும் ஒன்றே என்பதுதான் அவ்வினாவுக்கு விடை. சொல்லிலே கலப்படம் நுழைந்த அதே வாயின் வழியாகத்தான் சோற்றிலும் கலப்படம் நுழைந்தது. மொழியைத் தாங்குபவர் மக்கள். மக்களைத் தாங்குவது உடல். அவ்வுடல் தளர்ந்தபின் எந்த உரிமையை யார் போராடிப் பெறுவது?

இஃது வெறும் அச்சுறுத்தலன்று. நடுவணரசு எடுத்த குடும்பநல ஆய்வின்படி, 2015–16ஆம் ஆண்டில் தமிழகத்தில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களுள் 30.9 விழுக்காட்டினரும், ஆண்களுள் 28.2 விழுக்காட்டினரும் மிகையெடை உடையவர்கள். 2019–21ஆம் ஆண்டுக் கணக்கிலோ அவ்வெண்கள் 40.4 எனவும் 37.0 எனவும் ஏறிவிட்டன. பெண்களிற் பத்தில் ஒருவர் ஐந்தாண்டுக்குள் புதிதாக அக்கூட்டத்திற் சேர்ந்துவிட்டார் என்பதே இதன் பொருள். நீரிழிவும் குருதிக்கொதிப்பும் நெஞ்சுநோயும் மிகையெடையைத் தொடர்ந்து வீட்டுக்குள் நுழைபவை.

இதற்குத் தீர்வு யாது? ஒருசாரார், உண்பதையெல்லாம் கலோரிக் கணக்கில் எழுதி, நாளொன்றுக்கு இத்தனை என வரையறுத்து, அதற்குமேல் உண்ணாதிருக்கச் சொல்கின்றனர். மற்றொரு சாரார், எண்ணை விடுத்து நல்லுணவைத் தேர்ந்து பசியறிந்து உண்ணச் சொல்கின்றனர். இவ்விரண்டையும் ஆய்ந்து பார்ப்பதே இப்பொழிவின் நோக்கம்.

எண் பிறந்த கதை

கலோரி என்பது வெம்மையை அளக்கும் அலகு. ஒரு கிலோகிராம் நீரை ஒரு செல்சியசுப் பாகை சூடேற்றுதற்கு வேண்டிய வெம்மையே உணவுக் கணக்கில் ஒரு கலோரி எனப்படுகிறது. இதனை உணவோடு பிணைத்தவருள் தலையாயவர் அமெரிக்க நாட்டு வேதியலறிஞர் வில்பர் ஆட்வாட்டர். 1890களில் அவர் கனெக்டிகட்டு மாநிலத்தின் மிடில்டவுன் நகரில் ஓர் அறையைக் கட்டினார். அதனுள் ஆட்களை நாட்கணக்கில் தங்கச் செய்து, அவர்கள் உண்டதையும் கழித்ததையும் அவர்களின் உடல் வெளிவிட்ட வெம்மையையும் அளந்தார். மாவுப்பொருள் கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என இன்றளவும் வழங்கும் கணக்கு அவ்வாய்வுகளின் விளைவே.

அஃது அரிய உழைப்பு, அதில் ஐயமில்லை. குறைந்த கூலி பெறும் உழைப்பாளி காசுக்கேற்ற ஆற்றலைப் பெறவேண்டும் என்னும் பரிவும் அவர்க்கு இருந்தது. ஆனால், எண்ணை மட்டும் நோக்கினமையால், கீரையும் காயும் கனியும் காசுக்கு ஏற்ற ஆற்றல் தாராத வீண்செலவுகளாகத் தோன்றின! வைட்டமின் என்னும் பெயரே 1912ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அளவுகோலில் இல்லாத நன்மை அளப்பவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

1918ஆம் ஆண்டில் உலூலு அண்டு பீட்டர்சு என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர், எடை குறைக்கும் வழியைக் கூறும் நூலொன்றை வெளியிட்டார். அது பல்லாயிரக்கணக்கில் விற்றது. ஒரு துண்டு உரொட்டி என்று கூறாமல் இத்தனை கலோரி உரொட்டி என்று கூறப் பழகவேண்டும் என்பதே அந்நூல் மக்களுக்கு ஊட்டிய பாடம். தமிழ்ப் பற்றுடையோர் ஈண்டுச் சற்றே நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். உணவின் பெயர் போயிற்று. அது இருந்த இடத்தில் எண் வந்து அமர்ந்தது. பெயர் போனால் பொருளும் உடன்போகும் என்பதை மொழிப்போரில் கற்றவர்க்கு வேறு சான்று வேண்டுமோ?

எண் அறியாதவை

சரி, அவ்வெண்ணாவது துல்லியமானதா? 2012ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள், வாதுமைப் பருப்பை மாந்தர்க்கு உண்ணக் கொடுத்து, உடல் பெற்ற ஆற்றலை நேரடியாக அளந்தனர். ஏட்டுக் கணக்கின்படி 28 கிராம் பருப்பு தரவேண்டியது ஏறத்தாழ 170 கலோரி. உடல் பெற்றதோ 129 மட்டுமே. பருப்பின் கட்டமைப்பை முற்றும் உடைக்க இயலாமையால், கொழுப்பின் ஒரு பங்கு செரியாமலே வெளியேறிவிட்டது. மென்று உண்ணும் பருப்பும் மாவாக்கிய பருப்பும் ஏட்டில் ஒன்று, குடலில் வேறு.

பொதியுணவின் மேல் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்புதற்கில்லை. அச்சிட்டதைவிட 20 விழுக்காடுவரை மிகுந்திருப்பதை அமெரிக்க நாட்டு ஒழுங்குமுறையே பொறுத்துக்கொள்கிறது. உண்பவர் எழுதும் கணக்கோ இன்னும் தளர்ந்தது. எவ்வளவு குறைத்துண்டும் எடை குறையவில்லை எனக் கூறிய சிலரை 1992ஆம் ஆண்டில் நியூயார்க்கு ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அவர்கள் உண்மையில் உண்டதைவிட நிரவலாக 47 விழுக்காடு குறைத்துக் கணக்குக் கூறியிருந்தமை வெளிப்பட்டது. அவர்கள் பொய்யர் அல்லர். மாந்த நினைவின் இயல்பு அது.

ஒரே எண், இருவேறு உடல்

எல்லாவற்றினும் சிறந்த சான்று 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க நாட்டு நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஆல் என்பவரும் அவர் குழுவினரும் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கச் செய்தனர். இருகிழமை ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு. இருகிழமை பதப்படுத்தாத இயல்பான உணவு. தட்டில் வைத்த கலோரி, கொழுப்பு, சருக்கரை, உப்பு, நார்ப்பொருள் ஆகிய அனைத்தும் இருவகைக்கும் ஒத்தவையாகவே அமைக்கப்பட்டன. வேண்டிய மட்டும் உண்ணலாம், தடையில்லை.

விளைவு என்ன? ஆலையுணவை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். இருகிழமையில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பெருத்தனர். இயல்பான உணவை உண்டபோது அதே அளவு மெலிந்தனர். எவரும் எண்ணச் சொல்லவில்லை, எவரும் தடுக்கவுமில்லை. உணவின் தன்மையே உண்ணும் அளவை ஆண்டது. ஆலையுணவு மெல்லியது, மெல்லாமலே விழுங்கத்தக்கது, ஆகலின் அதை அவர்கள் விரைந்து உண்டனர். வயிறு நிறைந்தது என்னும் செய்தி மூளையை எட்டுதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அச்செய்தி எட்டுமுன் தட்டு வெறுமையாகிவிட்டால் வயிறு யாரிடம் முறையிடும்?

அதற்கு முந்தைய ஆண்டான 2018இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. ஒரு சாரார் கொழுப்பைக் குறைத்தனர். மறுசாரார் மாவுப்பொருளைக் குறைத்தனர். இருசாரார்க்கும் பொதுவான அறிவுரை: காய்களை மிகுதியாக உண்க, சருக்கரையையும் தீட்டிய மாவையும் தவிர்க்க, இயன்றவரை முழுமையான உணவைச் சமைத்து உண்க. கலோரி வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. ஆயினும் அவர்கள் உண்ட அளவு தானே குறைந்தது. ஓராண்டு முடிவில் முதற்சாரார் நிரவலாக 5.3 கிலோகிராமும் மறுசாரார் 6.0 கிலோகிராமும் குறைந்திருந்தனர்.

இதனால் ஆற்றற் கணக்கே பொய் என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. செலவைவிட வரவு மிகுந்தால் உடல் பெருக்கும், குறைந்தால் மெலியும், இஃது இயற்கைச் சட்டம். கேள்வி வேறு: அக்கணக்கை எழுதுபவர் யார்? மாந்தர் ஏட்டில் எழுதும் கணக்கிற்கு முன்னரே உடல் தன் கணக்கை எழுதி வைத்துள்ளது. கடும்பட்டினியால் எடையைக் குறைத்தால் உடல் தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது. தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியொன்றில் பங்குகொண்ட 14 பேரை ஆறாண்டு கழித்து ஆராய்ந்த முடிவு 2016இல் வெளிவந்தது. இழந்த எடையிற் பெரும்பங்கு அவர்க்குத் திரும்பியிருந்தது. அவர்களின் உடல் ஓய்விற் செலவிடும் ஆற்றலோ எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே நின்றது. உடலை வஞ்சிக்க முயன்றவர் உடலால் வஞ்சிக்கப்பட்டனர்!

தமிழர் தட்டின் குறை

இம்மட்டில் நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. அயலார் உணவு தீது, தமிழர் உணவு நன்று என்று முழங்கி அமர்ந்துவிடுவது எளிது. ஆனால், தமிழ்ப் பெயர் பெற்றதனாலேயே ஓர் உணவு நல்லுணவாகிவிடாது.

நீலமலைக் குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்திய இராபர்ட்டு மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், 1920களில் இந்தியப் பகுதிகள் பலவற்றின் உணவு வகைகளை எலிக்கூட்டங்களுக்கு ஊட்டிப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பயறு, காய்கீரை ஆகியவற்றைக் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. அரிசியே பெரும்பகுதியாக, மற்றவை சிறுபகுதியாக அமைந்த சென்னை மாகாண உணவை உண்டவை கடைவரிசையில் நின்றன. தமிழ் மண்ணில், தமிழர் தட்டைப் பற்றிக் கிடைத்த அத்தீர்ப்பை மறைப்பது இனப்பற்றாகாது.

கரணியம் எளிது. தவிட்டை நீக்கித் தீட்டிய அரிசியே அங்குத் தட்டை நிறைத்தது. அதற்கு முன்பே, 1890களில், சாவகத் தீவில் கிறித்தியான் எய்க்குமான் என்னும் ஒல்லாந்து மருத்துவர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டவை நலமுறுவதையும் கண்டார். அதன் பயனாக 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கலோரி ஏட்டில் அவ்விரண்டு அரிசிக்கும் பெரிய வேறுபாடில்லை, உயிருக்கு இருந்தது.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. அதன் வழிவந்த ஊட்டவுணவு நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். நூறு கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 356 கலோரி, கேழ்வரகில் 320. எண்ணளவில் பெருவேறுபாடில்லை. நார்ப்பொருளோ அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் 11 கிராம். எலும்பை வலுவாக்கும் கால்சியம் அரிசியில் 10 மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. கேழ்வரகிலோ 360 மில்லிகிராமுக்கு மேல். எண் ஏறத்தாழ ஒன்று, உணவு வேறு!

எனினும் கேழ்வரகும் மந்திரமன்று. சோற்றுக்கு மாற்றாக அதை உண்ணவேண்டுமேயன்றிச் சோற்றோடு சேர்த்து உண்ணலாகாது. நுண்மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அதுவும் விரைவிற் செரித்துக் குருதியிற் சருக்கரையை ஏற்றும். தினை மாவைச் சருக்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பிசுகட்டாக்கி விற்பதும் ஆலையுணவே. கருப்பட்டியும் வெல்லமும் வெண்சருக்கரையை ஒத்த ஆற்றலே தருவன. நாட்டுப் பெயர் இட்டமையால் அவை இனிப்பு அல்லாமற் போய்விடா.

செய்ய வேண்டுவன

இவற்றிலிருந்து இல்லங்கள் கொள்ள வேண்டுவன சிலவே. தட்டில் சோறு மலையாகவும் பொரியல் கடுகாகவும் இருக்கும் முறை தலைகீழாக வேண்டும். காயும் கீரையும் பாதித் தட்டை நிறைக்கட்டும். பயறும் பருப்பும் மீனும் முட்டையும் அவரவர் வழக்கப்படி நாள்தோறும் இடம்பெறட்டும். எஞ்சிய இடமே அரிசிக்கோ பிற கூலங்களுக்கோ உரியது. குளிர்குடிநீர் விருந்தினர் முன் வைக்கும் பெருமையை இழந்து, மோரும் நீரும் அவ்விடத்தைப் பெறட்டும். மென்று, பொறுமையாக, முன்னுண்டது செரித்தபின் உண்க. திருக்குறளின் மருந்து அதிகாரம் வலியுறுத்துவதும் இதுவே. எடையைக் குறைக்க விரும்புபவர் சிலநாள் கணக்கெழுதிப் பார்ப்பது தவறன்று. தாம் அறியாமல் உண்பது எது என்பதை அது காட்டும். காட்டியபின் அதை வைத்துவிடுக. நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றுக.

ஆனால், இல்லத்தை மட்டும் குறைகூறுவது அறமாகாது. மேற்சொன்ன 2019 ஆய்விலேயே, இயல்பான உணவின் விலை ஆலையுணவைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாயிருந்தது. நாள்முழுதும் உழைத்துத் திரும்பும் தாயிடம் காய் வாங்கச் சொல்வது எளிது. காசை யார் கொடுப்பது? 2011ஆம் ஆண்டிலிருந்து தமிழகப் பங்கீட்டுக் கடைகளில் விலையில்லா அரிசி வழங்கப்பட்டது, பசி தணிந்தது, அது பெரும்பணி. ஆயினும் வந்தது தீட்டிய அரிசி. 2023இல் நீலமலை, தருமபுரி மாவட்டங்களில் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நல்ல தொடக்கம். அது பெருகவேண்டும். புன்செய் உழவனுக்கு விலையும், ஏழை வீட்டுக்குப் பயறும், பள்ளிப் பிள்ளைக்குக் காயும் கிடைக்கக் குரல் கொடுப்பது மொழிக்குக் குரல் கொடுப்பதினின்றும் வேறான பணியன்று.

சாமை, வரகு, தினை, குதிரைவாலி, முருங்கை, பொன்னாங்கண்ணி, கொள்ளு, தட்டைப்பயறு என்னும் பெயர்களைப் பிள்ளைகள் அகரமுதலியில் அன்று, அடுக்களையில் கற்கட்டும். வழங்காத சொல் இறக்கும். உண்ணாத உணவும் அவ்வாறே இறக்கும். இரண்டையும் உயிரோடு காப்பது ஒரே நாவின் கடமை. எண்ணை அறிந்துகொள்க, ஆனால், பெயரறிந்து, தன்மையறிந்து, பசியறிந்து உண்க.

வாழ்க தமிழ்! நலம் பெறுக தமிழினம்!