முதியோர் குடியிருப்பும் நம் வீட்டு முதியோரும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் சென்னை, பெங்களூரிலும் பணிபுரிய, வாப்பாவும் உம்மாவும் மட்டுமே தங்கியிருக்கும் வீடுகள் நம் மஹல்லாவில் தெருவுக்குத் தெரு உள்ளன. ஆகவேதான் கோயம்புத்தூர்ப் பக்கம் பெருகியுள்ள முதியோர் குடியிருப்புகளைப் பற்றி நம்மில் சிலர் விசாரித்து வருகின்றனர். "பெற்றவர்களைக் கொண்டுபோய் விடுவதா?" என்று முகம் சுளிப்போரும் உண்டு. ஆதரவற்றோருக்கான இல்லம் வேறு, பணம் செலுத்தித் தனி வீட்டில் வாழும் இக்குடியிருப்பு வேறு. இங்கே சமையல், துப்புரவு, காவல் ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பு. மற்றபடி முதியவர் தம் விருப்பம்போல் வாழ்கிறார்.

அவ்வீடுகளின் அமைப்பை நாம் கவனிக்கவேண்டும். குளியலறையில் பிடித்து எழக் கம்பி, வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழைய 90 செ.மீ. அகல வாசல், கட்டிலருகே அழைப்பு மணி. குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தாலும் மீட்டுவிடலாம். இவற்றில் பெரும்பாலானவற்றை நம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு திருமணப் பந்தலுக்கு ஆகும் செலவில் சிறு பங்கும் ஆகாது.

அங்குள்ளோர் பெரிதும் விரும்புவது மாலைநேரப் பேச்சுத் துணையை. நம் ஆண்களுக்குப் பள்ளிவாசல் உண்டு. ஐவேளையும் நாலு முகம் பார்க்கிறார்கள். தனித்திருக்கும் உம்மாமார்களுக்கு அதுவும் இல்லை என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

சேர்க்க முடிவு செய்வோர், கட்டிடத்தையும் தோட்டத்தையும் பார்த்து மயங்காமல் ஒப்பந்தத்தைப் படியுங்கள். இக்குடியிருப்புகளில் பல, நடமாடக்கூடிய முதியோரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. படுக்கையில் விழுந்தவரின் நிலை வேறு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், ஊட்டவேண்டும், உடை மாற்றவேண்டும். இதற்கு இரவும் பகலும் பணியாளர் தேவை. அவர்களை நிர்வாகம் அமர்த்துமா, நாம் தனியே ஊதியம் கொடுக்கவேண்டுமா, அல்லது "அழைத்துச் செல்லுங்கள்" என்று சொல்லிவிடுவார்களா? நினைவு தப்பியவரை வைத்திருப்பார்களா? தம்பதியரில் ஒருவர் காலமானால் மற்றவர் அதே வீட்டில் தொடரலாமா? முன்பணம் எப்போது திரும்பும்? இவற்றுக்கு எழுத்தில் விடை பெறாமல் பணம் கட்டாதீர்கள். ரமளானில் ஸஹருக்கு உணவு கிடைக்குமா என்பதையும், சர்க்கரை நோயாளிகள் நோன்பு நோற்கலாமா, மருந்து நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்பதையும் மருத்துவரிடமும் நிர்வாகத்திடமும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

இத்தகைய இடம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகள் வீட்டிற்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் படுத்த படுக்கையானோருக்கு வலிதணிப்புச் சேவையும் அதில் அடங்கும். முதியோர் உதவி எண் 14567.

சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் பெரியோர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யக் கோரலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அதை விசாரிக்கும். ஆனால் நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது நல்லது. "நம் பிள்ளைதானே" என்று வாய்மொழியாக விட்டுவிட்டுப் பின்னர் ஜமாஅத்தில் வந்து அழுவோரை நாம் கண்டுவருகிறோம்.

தனித்து வாழும் முதியோருக்கென அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்துள்ளோம். அவர் உட்கொள்ளும் மருந்துகள், வெளியூரிலுள்ள பிள்ளையின் தொலைபேசி எண், மாற்றுச்சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டார் பெயர் ஆகியவற்றைக் குடும்பத்தார் இம்மாத இறுதிக்குள் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பெண்கள் தனித்திருக்கும் வீடுகளுக்கு வாரம் இருமுறை சென்றுவர முன்வரும் சகோதரிகளும் தம் பெயரை அதிலேயே பதியலாம்.