தேடிக் கிடைத்ததெல்லாம் தீர்ப்பாகுமா?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்துப் பிழைக்கும் எளியேனுக்கும் சட்டநூலுக்கும் யாது தொடர்பென்று உங்களுட் சிலர் வியப்புறலாம். யான் வக்கீலல்லேன். ஆயினும் சட்டத்தை அரைகுறையாய்த் தேடி, அதனால் முதியவள் ஒருத்தியின் பங்கை இழக்கச் செய்யவிருந்த குற்றவாளி யான். அக்குற்றத்தை இச்சபைமுன் ஒப்புக்கொண்டு, அதனின்று கற்றதைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

முன்னாளில் ஒரு தீர்ப்பைக் காணவேண்டின் வக்கீல் வீட்டு அலமாரியிலுள்ள தடித்த புத்தகங்களையே நாடவேண்டியிருந்தது. இன்றோ, 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியன் கானூன் என்னும் இணையதளத்தில் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்களும் உயர்நீதிமன்றத் தீர்ப்புக்களும் யாவரும் காசின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. உச்சநீதிமன்றமும் 2023-ஆம் ஆண்டில் தன் தீர்ப்புத் தொகுதிகளை மின்வடிவில் இலவசமாகத் திறந்துவிட்டது. சில தீர்ப்புக்களைத் தமிழிலும் பெயர்த்து வெளியிட்டு வருகின்றது. இஃது ஏழைகட்குப் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் களஞ்சியத்தின் கதவு திறந்திருப்பதனாலேயே நெல்லும் பதரும் தாமே பிரிந்து நில்லா.

என் தந்தையாருக்கு உடன்பிறந்தவர் ஒரே தமக்கையார். அவ்வத்தை 1975-ஆம் ஆண்டில் மணமாகி அயலூர் சென்றார். பாட்டனார் 1994-இல் காலமானார். பாட்டியார் அவருக்கு முன்னரே மறைந்தார். வழிவழி வந்த நன்செய் பங்கிடப்படாமலே என் தந்தையார் கையில் இருந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் அத்தை என்னிடம், “நீதான் படித்தவனாயிற்றே, அப்பா. எனக்கு என்ன உண்டென்று பார்த்துச் சொல்” என்றார்.

யானும் கைப்பேசியில் தேடினேன். பிரகாஷ் எதிர் பூலாவதி என்னும் வழக்கில் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு முதலில் வந்து நின்றது. மகளுக்கும் மகனைப்போலப் பிறப்பால் பங்குரிமை அளித்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பயனைப் பெற, அது நடைமுறைக்கு வந்த 9-9-2005 அன்று தந்தையும் உயிருடன் இருந்திருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பு. பாட்டனாரோ அதற்கு முன்னரே இறந்தவர். ஆகவே பழைய கணக்கின்படி, நிலத்தில் பாதி பாட்டனாருக்கு, பாதி தந்தையாருக்கு. பாட்டனாரின் பாதியில் மட்டுமே அத்தைக்குச் சமபங்கு. “உமக்குக் கால் பங்கு” என்று சொல்லிவிட்டேன். “சட்டம் அப்படியானால் சரி” என்றார் அத்தை. கால் பங்குக்குரிய பணத்தைப் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் இசைந்தார். பத்திரமும் எழுதியாயிற்று.

பதிவுக்கு முன் அதனை வக்கீல் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர், “எந்த ஆண்டுத் தீர்ப்பை நம்பினீர்?” என்றார். “2015” என்றேன். “அதற்குப்பின் அத்தீர்ப்பிற்கு நேர்ந்தது யாது?” என்றார். எனக்கு விடையில்லை.

அவர் அதே பக்கத்தைத் திறந்து, அத்தீர்ப்பைப் பிற்காலத்தில் எடுத்தாண்ட தீர்ப்புக்களின் பட்டியலைக் காட்டினார். 2018-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் வேறிரு நீதிபதிகள், 2001-இலேயே தந்தை இறந்துபோன ஒரு குடும்பத்தில் பெண்மக்களுக்குச் சமபங்கு அளித்திருந்தனர். இம்முரண் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வின்முன் சென்றது. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா என்னும் வழக்கில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், மகளின் உரிமை பிறப்பால் வருவதாகலின் அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுவதில்லை என்று அவ்வமர்வு முடிவு செய்து, 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. 20-12-2004-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்த பாகப்பிரிவினைகளை இது தொடாது. எங்கள் வீட்டில் அப்படி ஏதும் நடந்ததில்லை. புதிய கணக்கில் பாட்டனார், தந்தையார், அத்தை மூவர்க்கும் மும்மூன்றில் ஒரு பங்கு. பாட்டனாரின் பங்கு மற்றிருவர்க்கும் சமம். ஆக, அத்தைக்குரியது காலன்று, சரிபாதி!

அன்பர்களே! இதனின்று யான் கற்றவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

முதலாவது, தேடலில் முதலில் நிற்பது முதன்மையானது என்று கொள்ளற்க. பொறி நாம் இட்ட சொற்களுக்குப் பொருந்துவதை அடுக்குகின்றது. எது இன்று செல்லும், எது செல்லாதென்று அது தீர்ப்பளிப்பதில்லை. புதியது முன்னே வரும்படி வரிசையை மாற்றியும் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, சொன்னவர் யாரென்று நோக்குக. உச்சநீதிமன்றம் வகுத்த சட்டம், அரசியலமைப்பின் 141-ஆம் உறுப்பின்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அயல்மாநில உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு நம் உயர்நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, மேற்கோளாக உதவும். ஒரே மன்றத்துள்ளும் இருவர் அமர்வினும் மூவர் அமர்வு வலியது.

மூன்றாவது, தீர்ப்பின் நாளை மட்டுமன்றி அதன் பின்வரலாற்றையும் காண்க. பிற்காலத் தீர்ப்புக்களின் பட்டியலைத் திறவாமல் ஒரு தீர்ப்பை நம்புதல், இறந்தவன் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை நம்பி நிலம் வாங்குவதை ஒக்கும்.

நான்காவது, தீர்ப்பினுள் பேசுவது யார் குரலென்று தெளிக. சிவஞான சித்தியாரில் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியுண்டென்பது கற்றோர் அறிந்ததே. பிறர் கொள்கையைக் கூறும் பரபக்கத்தைப் படித்துவிட்டு, இதுவே ஆசிரியர் கருத்தென்பவனை என்னென்பது? தீர்ப்பிலும் இருதரப்பு வாதங்களும் பக்கம் பக்கமாக விரியும். தேடிய சொல் அவ்வாதத்திலும் அகப்படும். மன்றத்தின் முடிபு பின்னே இருக்கும். அது இறுதித் தீர்ப்போ இடைக்கால உத்தரவோ என்பதையும் பார்த்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, நம் வாய்ச்சொல்லை விட்டுச் சட்டத்தின் சொல்லால் தேடுக. “பெண்ணுக்குப் பங்கு” என்று தேடுவதினும், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவென்று குறித்து, வேண்டிய தொடரை மேற்கோட் குறிக்குள் அடைத்து, நீதிமன்றத்தையும் ஆண்டையும் வரையறுத்துத் தேடின் ஆயிரம் முடிவுகள் சிலவாகச் சுருங்கும்.

இவையெல்லாம் கருவியின் நுட்பங்கள். யான் வழுவியது கருவியால் மட்டுமன்று. முதல் விடை எங்கள் வீட்டிற்கு இலாபமாயிருந்தது. ஆதலின் அங்கேயே நின்றுவிட்டேன். அத்தைக்குச் சரிபாதி என்று முதல் விடை வந்திருப்பின், அதனை மறுக்கும் தீர்ப்பு அகப்படுமோவென்று பத்துப் பக்கம் புரட்டியிருப்பேன் என்பதை என் நெஞ்சறியும். தேடுகின்றவன் தனக்கு இனிக்கும் விடையையே அதிகம் ஐயுறல் வேண்டும்.

செய்தியைத் தந்தையாரிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள், “அக்காவுக்கு உரியதை எழுதிவிடு” என்றார். சரிபாதியாகப் பாகப்பத்திரம் பதிவாயிற்று. சார்பதிவாளர் அலுவலகத்தினின்று திரும்புகையில் அத்தை என்னை ஒன்றே கேட்டார்: “முதலில் ஏன் அப்படிச் சொன்னாய், அப்பா?” அதற்கு யான் இன்னும் விடை சொல்லவில்லை. இன்றைய பேச்சே அவ்விடையெனக் கொள்ளலாம்.

நம் குடும்பங்களில் கையொப்பத்திற்குக் காத்திருக்கும் பத்திரங்கள் எத்தனையோ! நம் வாசகசாலையில் மாதம் ஒரு மாலை, நம் இளைய வக்கீல்கள் இத்தேடுமுறையை ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் கற்பிக்கச் சங்கத்தார் ஏற்பாடு செய்யவேண்டுமென விண்ணப்பித்துக் கொள்கின்றேன். தேடலறிவு வக்கீலுக்கு மாற்றன்று. அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியை அறிவதற்கே அது துணை. பொருளில்லையே என்று பெண்மக்கள் அஞ்சவேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி பெண்கள் யாவர்க்கும் உண்டு.