பழைய ரயில் பெட்டிகளும் நமது கடமையும்

(திருப்பதியில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)

  "ரயில்வேயைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் வெயிட்டிங் லிஸ்ட் எப்போது கன்ஃபர்ம் ஆகும் என்று மட்டும் யாரும் கேட்க விடாதீர்கள்" என்று காரியதரிசி எச்சரித்துத்தான் என்னை மேடை ஏற்றியிருக்கிறார். ஆகவே, ஓடும் ரயிலை விட்டு விட்டு, ஓடி ஓய்ந்த ரயிலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

நம்மவர்களில் ரயில்வே சம்பந்தம் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு தாத்தா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்திருப்பார். ஒரு சித்தப்பா பார்சல் ஆபீசில். ஒரு அத்திம்பேர் கார்டாக. இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தச் சோறு போட்டது பெரும்பாலும் மீட்டர் கேஜ் பாதைதான். 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி, விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரம் வரை 1890-களின் தொடக்கத்தில் போட்ட பாதை அது. பாகாலாவில் பிரிந்த கிளை திருப்பதிக்கு வந்தது. 1944-ல் அந்தக் கம்பெனியை அரசு ஏற்றது. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே பிறந்தது. 1977-ல் குண்டக்கல் டிவிஷன் தென்மத்திய ரயில்வேக்குப் போயிற்று. போர்டில் பெயர் மாறினாலும் பாதையின் அகலம் மாறவில்லை.

1992-ல் ஒரே அகலப்பாதைத் திட்டம் வந்தது. முதலில் காட்பாடி – பாகாலா – திருப்பதி, பின்னர் பாகாலா – தர்மாவரம் என்று எல்லாம் அகலப்பாதை ஆயின. பிரயாணிகளுக்கு அது பெரிய சௌகரியம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். பிராட் கேஜ் என்றால் 1676. பாதை மாறிய அன்றே, அதில் ஓடிய எஞ்சின், பெட்டி, வேகன், கிரேன் எதற்கும் அந்த ஊரில் நிற்க இடம் இல்லாமல் போயிற்று. பழசானதால் அல்ல, அகலம் பொருந்தாததால் கழிக்கப்பட்டவை ஏராளம். கழிக்கப்பட்ட இரும்புக்கு எடைக் கணக்கில்தான் விலை. எது சரித்திரம், எது சாதாரணம் என்று தராசு பார்ப்பதில்லை.

இப்படிப்பட்டவற்றை மீட்டு, செப்பனிட்டு, நிறுத்தி வைப்பதையே தொண்டாகச் செய்பவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். இதற்கு வழி காட்டியது பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ள டாலிலின் ரயில்வே. மலையில் வெட்டிய கற்பலகையை இறக்க 1860-களில் போட்ட சின்னப் பாதை. ஏழே கால் மைல் தூரம். 1950-ல் அதன் சொந்தக்காரர் காலமானதும், பாதையும் அத்துடன் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் அந்த ஆண்டு அக்டோபரில் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கூட்டம் போட்டார்கள். சங்கம் அமைந்தது. 1951 மே மாதம் ரயில் மீண்டும் ஓடியது. தொண்டர்களால் காப்பாற்றி நடத்தப்பட்ட முதல் ரயில்வே உலகிலேயே அதுதான்.

அவர்கள் கையில் இருந்தது என்ன? புல் மண்டிய தண்டவாளம், உளுத்த ஸ்லீப்பர், ஓடக்கூடிய நிலையில் ஒரே ஒரு எஞ்சின். பக்கத்தில் மூடப்பட்ட வேறொரு பாதையின் இரண்டு எஞ்சின்களைத் தலா 25 பவுனுக்கு வாங்கினார்கள். குமாஸ்தா, வாத்தியார், டாக்டர் என்று லீவு நாளில் வந்து புல் வெட்டினார்கள். நம் பேரக் குழந்தைகள் டிவியில் பார்க்கும் 'தாமஸ்' எஞ்சின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி, 1952-ல் அங்கே கார்டாகத் தொண்டு செய்தவர்தான். அந்த ரயில் இன்றும் ஓடுகிறது.

நம் நாட்டில் வழி வேறு. இங்கே ரயில்வே முழுவதும் சர்க்கார் சொத்து. ஆகவே மீட்பு வேலை பெரும்பாலும் பணிமனைத் தொழிலாளர்கள் கையால்தான் நடந்திருக்கிறது. அதிலும் நம் தென்னாட்டுக் கைகளுக்குத் தனிப் பெருமை உண்டு. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட 'ஃபேரி குவீன்' எஞ்சினை 1990-களில் மீண்டும் ஓட வைத்தது நமது பெரம்பூர் லோகோ பணிமனை. 1997-ல் அது டில்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓடியது. மறு வருஷம் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதன் ஜோடி எஞ்சினான 'எக்ஸ்பிரஸ்', நூறு வருஷத்துக்கு மேல் பீடத்தில் பொம்மையாக நின்றது. பல பாகங்கள் காணாமல் போயிருந்தன. அதையும் பெரம்பூரில் எடுத்துச் செப்பனிட்டு, 2010 ஆகஸ்டு 15 அன்று ஓட்டிக் காட்டினார்கள். ஊட்டி மலை ரயிலுக்குப் பழைய சுவிட்சர்லாந்து எஞ்சின்களின் மாதிரியிலேயே புது நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை செய்து கொடுத்திருக்கிறது.

தனி மனிதர்களின் ஆர்வமும் உதவியிருக்கிறது. மைக்கேல் சாட்டோ என்ற ஆங்கிலேயர் இங்கே ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஓடிய விசித்திரமான ஒற்றைத் தண்டவாள ரயிலின் மிச்சங்களை 1960-களில் அவர்தான் கண்டு சொன்னார். அமிருதசரஸ் பணிமனை அதைச் செப்பனிட்டது. 1977-ல் திறந்த டில்லி தேசிய ரயில் மியூசியத்தில் அது இருக்கிறது. அப்புறம் மைசூர், 2002-ல் சென்னை ஐ.சி.எஃப். வளாகம், 2014-ல் திருச்சி என்று மியூசியங்கள் வந்தன. அமெரிக்காவில் இருந்த நம் நாட்டு இளைஞர்கள் சிலர் 1989-ல் தொடங்கிய இந்திய ரயில்வே ரசிகர் மன்றம், படமும் தகவலுமாக ஒரு பொக்கிஷத்தையே திரட்டி வைத்திருக்கிறது. தூரத்தில் இருப்பவர்களும் தொண்டு செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

செப்பனிடுவது என்றால் பெயிண்ட் அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெயிண்ட் கடைசி வேலை. பழைய பெட்டிகளில் அடிச்சட்டம் இரும்பு, மேல் உடம்பு தேக்கு. மழை நீர் ஜன்னல் வழியே இறங்கி அடிக்கட்டையில் தங்கும். மேலே பளபளவென்று இருக்கும் பெட்டி அடியில் மக்கிப் போயிருக்கும். விரலால் தட்டிப் பார்த்தே மக்கிய இடத்தைச் சொல்லும் தச்சர்கள் உண்டு. பழைய பெயிண்டை ஒரே அடியாகச் சுரண்டக் கூடாது. சின்னச் சதுரமாக அடுக்கு அடுக்காகத் தேய்த்தால், எந்தக் காலத்தில் என்ன நிறம் என்பது மரத்தின் வயது வளையம் போலத் தெரியும். எஞ்சினின் பாய்லருக்குத் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தை விட அதிக அழுத்தம் கொடுத்துச் சோதிக்காமல் அடுப்பு மூட்டவே கூடாது. இன்னொரு எச்சரிக்கை: பழைய பாய்லர் போர்வையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்; பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். ஆர்வத்தோடு வெறும் கையால் பிரிப்பது பிராணனுக்கு ஆபத்து. தெரிந்தவர்கள்தான் தொட வேண்டும்.

இதில் ஒரு தர்ம சங்கடமும் உண்டு. ஓட வைக்க வேண்டும் என்றால் தேய்ந்த பாகங்களை மாற்றியாக வேண்டும். மாற்றிக்கொண்டே போனால் பழைய எஞ்சினில் பழையது என்று என்ன மிஞ்சும்? மாற்றாமல் நிறுத்தி வைத்தால், குழந்தைகளுக்கு அது வெறும் இரும்புக் குவியல். என் அபிப்பிராயம் இது: ஒரே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அதைத் தொடாமல் காக்க வேண்டும், அதே ரகத்தில் நாலைந்து இருந்தால் ஒன்றை ஓட விடலாம். எப்படிச் செய்தாலும், எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்று எழுதி வைக்க வேண்டும். கழற்றிய பாகத்தையும் எறியக் கூடாது.

இரும்பை விட வேகமாக மறைவது ஒன்று இருக்கிறது. அதுதான் கைப்பழக்கம். வண்டி நின்றதும் ஒருவர் நீண்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டு போவாரே, நினைவிருக்கிறதா? நல்ல சக்கரம் மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டது சப்பென்று சொல்லும். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வண்டி வராமல் காக்க, நீல்ஸ் கருவியிலிருந்து எடுத்த டோக்கன் பந்தைப் பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் எஞ்சினில் இருப்பவர் கையில் மாட்டுவார்கள். வளையத்தை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் பிடித்தால் தோள் பிசகாது என்பது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. மீட்டர் கேஜில் நீராவி ஏறக்குறைய 1990-களோடு முடிந்தது. அதில் முழு சர்வீஸ் செய்தவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. மியூசியத்தில் சுத்தியல் இருக்கும். அதன் சத்தத்தைப் புரிந்துகொள்ளும் காது இருக்காது. இன்னும் பத்து வருஷம் கழித்துக் கேட்கலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆகவே பல ஊர்களிலும் உள்ள நம் அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் நான்கு.

ஒன்று, உங்கள் அகத்துப் பரணைப் பாருங்கள். கை விளக்கு, விசில், அட்டை டிக்கெட், பழைய டைம் டேபிள், டூட்டி டைரி எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். யாருடையது, எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். விவரம் இல்லாத விளக்கு வெறும் தகரம்.

இரண்டு, ஆயுத பூஜைக்கு அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். 'எஸ்.ஐ.ஆர்.' என்றும் 'எம். அண்ட் எஸ்.எம்.' என்றும் பொறித்த எழுத்துத்தான் அதன் ஜாதகம். வருஷா வருஷம் தேய்த்தால் எழுத்து போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மூன்று, வீட்டில் ரயில்வேயில் இருந்த பெரியவர் இருந்தால், பேரன் பேத்தியை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, செல்போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். "சர்வீஸ் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால், "நன்றாக இருந்தது" என்பார், பேச்சு முடிந்துவிடும். "ராத்திரி டூட்டியில் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள், விடிய விடியப் பேசுவார்.

நான்கு, ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள், தச்சர்கள், கணக்கர்கள் மாதத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். அருகில் உள்ள மியூசியத்துக்குக் கடிதம் எழுதி, என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றும் தெரிந்தவர்கள் இந்தச் சீமையில் அதிகம். பழைய ரிஜிஸ்டர்களைப் படித்துப் பட்டியல் போடுவதும், பார்க்க வரும் குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்வதும் கூடப் பெரிய கைங்கர்யம்தான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். தண்டவாளத்து ஓரம் கிடக்கும் எதையும் ஆர்வத்தில் எடுத்து வந்துவிடாதீர்கள். ரயில்வே சொத்தை அனுமதியின்றி வைத்திருப்பது 1966-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். காப்பாற்றப் போய்க் கைதாக வேண்டாம்.

திருப்பதியிலேயே ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பெரிய பணிமனை இருக்கிறது. கை தேர்ந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். தினமும் ஆயிரக்கணக்கான யாத்ரீகர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் நின்று பார்க்கும்படி ஒரு மீட்டர் கேஜ் பெட்டியும், அதன் கதையைச் சொல்லும் நாலு வரிப் பலகையும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பெட்டியை நிறுத்தி வைப்பது ரயில்வேயின் வேலை. பலகையில் எழுத வேண்டிய விஷயத்தைத் திரட்டித் தருவது நம்மால் ஆகிற வேலை. அதை இந்த வருஷமே தொடங்குவோம். சித்தூர், திருப்பதி அன்பர்கள் தங்கள் அகத்துப் பெரியவர்களின் பெயர், அவர்கள் வேலை பார்த்த ஸ்டேஷன், வருஷம் இவற்றை எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்தால் அதுவே நல்ல ஆரம்பம்.